வண்டி நுழையாத சந்துக்குப் பச்சை

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை கோபத்தில் எழுத உட்கார்ந்தது. போன மாதம் என் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. "வாழ்த்துகள்! உங்கள் பகுதி படிப்படியாக அதிவேக வலையமைப்புக்கு மேம்படுத்தப்பட்டுவிட்டது. இனி தடையின்றிப் பேசி மகிழுங்கள்." அவர்கள் அதை அனுப்பியது காலை ஒன்பது மணிக்கு. எனக்குக் கிடைத்தது மாலை நாலரைக்கு, வீட்டை விட்டு இறங்கி, தெருமுனை தாண்டி, முக்கியச் சாலையில் மருந்துக்கடை வாசலுக்கு வந்த பிறகு. ஏனென்றால் என் வீட்டுக்குள் சிக்னல் செத்துப்போய் ஒரு நாள் ஆகியிருந்தது.

மருந்துக்கடை வாசலில் நின்றபடியே வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தார்.

"உங்க ஏரியா மேப்ல பச்சையா இருக்கு சார்."

"வீட்டுக்குள்ள ஒரு கோடுகூட காட்டலியேம்மா."

"பச்சையாத்தான் இருக்கு சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

முதல் உதவியையே இன்னும் செய்யாதவர் வேறு உதவி வேண்டுமா என்று கேட்கிறார். அவரைத் திட்டவும் மனம் வரவில்லை. அவருக்கு முன்னால் இருக்கும் திரையில் பச்சை இருக்கிறது, பாவம் அவர் என்ன செய்வார். வீட்டுக்கு வந்ததும் ஒரே கேள்விதான் மண்டையைக் குடைந்தது. அந்தப் பச்சையைப் பூசியது யார்?

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"நிறுவனத்தின் மேலதிகாரி தன் கண்ணாடி அறையிலிருந்து நகரத்தைப் பார்த்து ஏளனமாகச் சிரித்தா—"

[விட்டுவிட்டேன். எந்த மேலதிகாரியும் சன்னலோரம் நின்று ஏளனமாகச் சிரிப்பதில்லை. அவருக்குக் கூட்டம் இருக்கும்.]

அடுத்து:

"அலை என்பது கண்ணுக்குத் தெரியாதது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை விற்பவன் கண்ணுக்குத் தெரியாமலே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்போது, சமூகம் என்கிற—"

[இது கட்டுரை. சமூகம் என்று எழுதியவுடன் எனக்கே கொட்டாவி வந்தது.]

மூன்றாவது தொடக்கம்:

"அளவைக்காரி காரின் முன்னிருக்கையில் உட்கார்ந்து, மடிக்கணினியைத் திறந்து, தன் சொந்தப் போனை அணைத்து, முன்னால் இருந்த சின்னப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்."

இது நகர்ந்தது. ஒருத்திக்கு வேலை இருக்கிறது, அதில் ஒரு விதிமுறை இருக்கிறது. இனி இவள் பின்னாலேயே போகிறேன்.

3.

அளவைக்காரிக்கு வயது முப்பத்து நாலு. சிக்னலை அளப்பது அவள் வேலை. காரின் முன்பலகையில் நான்கு போன்களை வரிசையாகப் பொருத்தியிருப்பாள். அவை தாமாகவே எங்கோ அழைக்கும், பேசுவதுபோலப் பாவனை செய்யும், துண்டிக்கும், மறுபடி அழைக்கும். கார் போகப் போக மடிக்கணினியின் வரைபடத்தில் சாலை நெடுகப் புள்ளிகள் விழும். நன்றாக எடுத்தால் பச்சை, சுமாராக எடுத்தால் மஞ்சள், எடுக்காவிட்டால் சிவப்பு. சோதனைப் போன்களுக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்பதால் வண்டிக்குள் சொந்தப் போன் அணைந்திருக்க வேண்டும். விதியை ஒரு நாளும் மீறாதவள் என்று அலுவலகத்தில் அவளுக்குப் பெயர்.

மேம்பாட்டில் மூன்று கட்டங்கள். முதலில் கோபுரத்தில் புதிய கருவியை ஏற்றுவார்கள். பிறகு பழையதும் புதியதும் சில மாதம் சேர்ந்து ஓடும். கடைசியில் பழையதை அணைப்பார்கள். பகுதி முழுக்கப் பச்சை என்று அவள் வரைபடம் சொன்னால்தான் அணைப்பார்கள். ஆக, அவள் அளந்தால்தான் அணையும்.

கார் போன சாலைக்குத்தான் புள்ளி விழும். இரண்டு சாலைக்கு நடுவில் இருப்பதை மென்பொருள் தானாகவே நிரப்பிக்கொள்ளும். இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் பச்சை, அப்படியானால் நடுவிலும் பச்சை. இதற்காகவே படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: வண்டி நுழையாத பகுதிகள் உள்ளனவா? 'உண்டு' என்று குறித்தால், யாராவது ஒருவர் கருவிப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு சந்து சந்தாக நடந்து அளக்க வேண்டும்.

மாநகராட்சியின் ஐந்தாவது வட்டத்தை அளந்த அன்று காரோட்டி ஓரிடத்தில் வேகத்தைக் குறைத்தார்.

"மேடம், இந்தச் சந்துக்குள்ள வண்டி போகாது."

அவள் சிரித்தாள். "இது எங்க அக்கா வீட்டுச் சந்துண்ணா. உள்ள நல்லாவே எடுக்கும். சமையல்கட்டுல நின்னு எத்தனை தடவை பேசியிருக்கேன்."

'இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டாள்.*

* அவசரப்பட்டுத் திட்டாதீர்கள். பழைய அலை மெதுவானது, ஆனால் சுவருக்குள் புகுந்து வரும். புதியது அதிவேகம், நாலு சுவர் குறுக்கே வந்தால் அங்கேயே நின்றுவிடும். இது அவளுக்குத் தெரியாதா? பயிற்சியில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். ஆனால் அந்தச் சமையல்கட்டு அவளுக்கு அதைவிட நன்றாகத் தெரியும். அறியாத சந்தாக இருந்திருந்தால் இறங்கி நடந்திருப்பாள். முதல் வரைவில் இதைச் சோம்பேறித்தனம் என்று எழுதியிருந்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை, அடித்துவிட்டேன்.

4.

அந்தச் சந்தில் மூன்றாவது வீடு. கீழ்த்தளம். மூன்று பக்கமும் அடுத்த வீடுகளின் சுவர். அங்கே அக்காவும் அத்தானும் இருக்கிறார்கள். அத்தான் பூட்டு ரிப்பேர் பார்ப்பவர். சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, வாரம் மூன்று நாள் மருத்துவமனை இயந்திரத்தோடு நான்கு மணி நேரம் படுத்துவிட்டு வருகிறார். மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலில் பெயர் கொடுத்து இரண்டு வருடம் ஆகிறது. கதவோரம் ஒரு பை தயாராக இருக்கிறது: இரண்டு சட்டை, ஒரு துண்டு, கோப்பு. அந்த இரண்டு வருடமாக அவர் ஒரு மணி நேரப் பயணத்துக்கு அப்பால் எங்கும் போனதில்லை.

பெயர் பதிந்த அன்று மருத்துவமனை ஒருங்கிணைப்பாளர் தெளிவாகச் சொன்னார்.

"கூப்பிட்டதுலேர்ந்து அரை மணி நேரத்துக்குள்ள பதில் வேணும்மா. மூணு தடவை போடுவோம். எடுக்கலைன்னா அடுத்த பேருக்குப் போயிடுவோம். உறுப்பு காத்திருக்காது. ரெண்டு நம்பர் குடுங்க."

அத்தானுக்குத் தனிப் போன் இல்லை. அக்கா தன் எண்ணைக் கொடுத்தாள். இரண்டாவதாகத் தங்கையின் எண்ணைக் கொடுத்தாள். "அவ போன் கம்பெனியிலேயே வேலை பாக்கறா. எப்பவும் எடுத்துடுவா" என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

அன்றிலிருந்து குளிக்கப் போனாலும் போனை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு எடுத்துப் போவாள். பழைய போன் என்று யாரும் பழி போட முடியாது. புதிய வலையமைப்புக்கு ஏற்ற போனைத் தங்கைதான் வாங்கிக் கொடுத்தாள். 

[அவர்களுக்குத் தேர்வெழுதும் மகள் ஒருத்தியைச் சேர்க்கலாமா என்று யோசித்தேன். உங்கள் கண்ணில் நீர் வரவழைக்க. வெட்கமாக இருந்தது. இருக்கிற இருவரே போதும்.]

அணைப்பதற்கு முந்தைய சனிக்கிழமை தங்கை வந்திருந்தாள். அக்கா ஒரு குறுஞ்செய்தியைக் காட்டினாள்.

"என்னடி இது, செவ்வாக்கெழமைலேர்ந்து பழசு நின்னுடும்னு போட்ருக்கான். நம்ம போனுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"ஒண்ணும் ஆகாதுக்கா. நானே அளந்தேன்."

"நீ சொன்னா சரி."

அத்தான் ஒரு பூட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே, "அதான் நம்ம ஆளே உள்ள இருக்காளே, அப்புறம் என்ன" என்றார்.

5.

செவ்வாய் காலை பதினோரு மணிக்கு அணைத்தார்கள். எந்தச் சத்தமும் இல்லை. அக்காவின் போனில் மணி சரியாகக் காட்டியது, மின்னூட்டம் முழுதாக இருந்தது. மேலே மூலையில் கோடுகள் இல்லாததை அவள் பார்க்கவில்லை. இரண்டு வருடமாக அடிக்காத போன் அன்றும் அடிக்கவில்லை. அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

புதன் காலை பத்து மணி பத்து நிமிடம். ஒரு சிறுநீரகம் கிடைத்திருந்தது. ஒருங்கிணைப்பாளர் பட்டியலின் முதல் பெயரை, அத்தானின் பெயரைப் பார்த்து, அக்காவின் எண்ணை அழுத்தினார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது பதிவுக் குரல். இரண்டாவது எண் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. அந்த எண் அப்போது ஏழாவது வட்டத்தில், ஒரு காரின் பெட்டிக்குள் இருந்தது. அதற்கு ஒரு சாண் மேலே நான்கு போன்கள் யாருக்குமில்லாத அழைப்புகளை விடாமல் போட்டுக்கொண்டிருந்தன. எல்லா அழைப்பும் போய்ச் சேர்ந்தது. எல்லாம் பச்சை.

இந்த இடத்தில் எனக்குக் கொதிக்கிறது. யார் சட்டையைப் பிடிப்பது என்று தேடினேன். மேற்பார்வையாளரைக் கொண்டுவந்தேன். ஐந்தாவது வட்டத்தை அளந்த வாரம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "வெள்ளிக்கெழமைக்குள்ள ஆறு வட்டம் முடிஞ்சா நல்லாயிருக்கும் மேடம். அவசரம் இல்ல. ஆனா முடிச்சிடுங்க." என்ன மரியாதை. எல்லோரும் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். குறுஞ்செய்தி வாழ்த்துகிறது, வாடிக்கையாளர் சேவை உதவி வேண்டுமா என்கிறது, பதிவுக் குரல்கூடத் தயவுசெய்து என்கிறது. படிப்படியாக என்றால் வீடு வீடாகக் கதவைத் தட்டி, "உள்ளே எடுக்கிறதா?" என்று கேட்டுவிட்டு அணைப்பார்கள் என்றல்லவா நான் நினைத்தேன்? ஒரு கதவைக்கூட ஒருவரும் தட்டவில்லை. தட்டியிருந்தால் அத்தானே எழுந்து வந்து திறந்திருப்பார்.

6.

மூன்று முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: காரோட்டி தேநீருக்கு நிறுத்துகிறார். அவளுக்கு ஏனோ மனது உறுத்த, விதியை மீறிப் போனை எடுத்து உயிர்ப்பிக்கிறாள். அழைப்பு வருகிறது. அத்தான் பிழைக்கிறார். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. பிறகு கிழித்தேன். நிறுவனம் செய்திருக்க வேண்டிய வேலையை ஒரு கோப்பைத் தேநீர் செய்துவிட்டது என்றால், அடுத்த சந்துக்கு யார் தேநீர் வாங்கித் தருவது?

இரண்டாவது: அழைப்பு தவறிவிடுகிறது. அவள் அலுவலகத்துக்குப் போய், "நான்தான் சார் தப்பாக் குறிச்சேன்" என்கிறாள். வேலை போகிறது. இதையும் நான் ஒப்பவில்லை. படிவத்தில் இருப்பது அவள் கையெழுத்து, ஆகவே தவறு அவளுடையது என்று மற்ற எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவளைப் பலிகொடுத்துக் கதையை முடிக்க என்னால் ஆகாது.

மூன்றாவது: மாலை நாலரை. அக்கா அத்தானின் மாத்திரை வாங்க வெளியே வருகிறாள். மருந்துக்கடை வாசலில் நிற்கும்போது கைக்குள் போன் அதிர்கிறது. தவறிய அழைப்புகள் மூன்றும் ஒன்றாக வந்து விழுகின்றன. அவள் எண்ணைப் பார்க்கிறாள். அது யாருடைய எண் என்று அவளுக்கு மனப்பாடம். அவள் அங்கேயே—

[என்னால் முடியவில்லை. அந்த வாசலில் நான் நின்றிருக்கிறேன்.]

7.

ஆகவே உங்களிடம் தருகிறேன். அக்காவாக இருந்து அழச் சொல்லவில்லை, தங்கையாக இருந்து குன்றிப்போகச் சொல்லவும் இல்லை. நீங்கள்தான் அந்த ஒருங்கிணைப்பாளர்.

மணி பத்து முப்பத்தாறு. இரண்டு எண்ணுக்கும் மூன்று தடவை போட்டுவிட்டீர்கள். அரை மணி நேரத்தில் மிச்சம் நாலு நிமிடம். கோப்பில் முகவரி இருக்கிறது. சந்துக்கு ஆளனுப்பினால் பன்னிரண்டு நிமிடம் ஆகும். பட்டியலில் இரண்டாவது பெயர் ஒரு பெண்மணி. அவரைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை. அவர் வீட்டுக் கதவோரமும் ஒரு பை இருக்கிறது. அவர் போன் அடிக்கும்.

மனசு கேட்காமல் நிறுவனத்தின் வரைபடத்தைத் திறந்து பார்க்கிறீர்கள். நல்லவர் நீங்கள். சந்து பச்சையாக இருக்கிறது.

முன்னால் படிவம் இருக்கிறது. அதில் இரண்டே கட்டங்கள். 'பேசினார்.' 'அழைப்பை ஏற்கவில்லை.' அழைப்பு போய்ச் சேரவில்லை என்று குறிக்க ஒரு கட்டம் கிடையாது. தேடிப் பாருங்கள், நானும் தேடினேன்.

மணி பத்து முப்பத்தேழு. பேனாவை எடுங்கள்.