தொண்ணூற்றாறு சதவீதம்

கல்லூரியின் உதவித்தொகைப் பிரிவு எழுத்தர், என் மகளின் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு, கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

“விதியைத் தளர்த்தினது உண்மைதாம்மா. தொற்றுக் காலத்துல படிப்பு தடைப்பட்டிருந்தா அந்தப் பருவத்துல ஃபெயிலானதைக் கணக்குல எடுக்க மாட்டோம், நின்னுபோன உதவித்தொகையும் திரும்பக் கிடைக்கும். ஆனா உங்க பொண்ணுக்குத் தடைப்படவே இல்லையே. வருகை தொண்ணூத்தாறு சதவீதம். வருகையில வகுப்புலயே இவங்கதான் முதல்.”

மகள் என்னைப் பார்த்தாள். நான் கைப்பையைப் பார்த்தேன்.

அந்தப் பருவம் முழுக்க அவள் ஒரு வகுப்பில்கூட உட்காரவில்லை. எனக்கும் என் கணவருக்கும் ஒரே நாளில் காய்ச்சல் வந்தது. என்னை வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொன்னார்கள். அவரை மருத்துவமனையில் சேர்த்தோம். மருந்து வாங்கிக் கொடுக்க வாசலில் ஒருவர் இருக்க வேண்டும் என்றார்கள், மகள் இருந்தாள். இருபத்திரண்டு நாள். கடைசியில் அவர் முகத்தை அவள் மட்டும்தான் பார்த்தாள். வீட்டுக்கு வந்தவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். மாதக்கணக்கில் எழுந்திருக்கவில்லை.

வருகை குறைந்தால் உதவித்தொகை போய்விடும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதனால் தினமும் ஒன்பது மணிக்கு அவள் பெயரில் நானே இணைய வகுப்பில் நுழைந்தேன். தையல் மெஷின்மேல் போனைச் சாய்த்து வைத்து, கேமராவை அணைத்துவிட்டு, திரைச்சீலைகளுக்கு ஓரம் அடித்துக்கொண்டே கேட்பேன். தேர்வை மட்டும் அவளுக்குப் பதிலாக என்னால் எழுத முடியவில்லை, அவளும் எழுதவில்லை. எல்லாப் பாடத்திலும் தோல்வி, உதவித்தொகை நின்றது. இரண்டு வருடமாக அவள் கடையில் பில் போடுகிறாள்.

“சார், அது நான்” என்றேன்.

“எது?”

“வகுப்புல இருந்தது.”

எழுத்தர் குரலைத் தாழ்த்தினார். “இது என் காதுல விழலைன்னு வச்சுக்கறேன். எழுத்துல வந்தா ஆள்மாறாட்டம்னு ஆயிடும். பொண்ணு பேரையே நீக்கினாலும் நீக்கிடுவாங்க.”

“வேணாம்மா, வா போலாம்” என்றாள் மகள். “பில் போடறதும் வேலைதானே.”

பேசாமல் போயிருந்தால் அவள் கடையிலேயே இருந்திருப்பாள். நான் ஒரு வெள்ளைத்தாள் கேட்டேன். உள்ளதை உள்ளபடி எழுதிக் கையெழுத்திட்டேன். பாடம் எடுத்தவர் யாராவது உறுதிசெய்தால் மேலே அனுப்புவதாக எழுத்தர் சொன்னார்.

புள்ளியியல் ஆசிரியர் தாளை இரண்டு முறை படித்தார்.

“இடைநிலைன்னா என்னன்னு ஒருநாள் கேட்டேன். ‘ஆட்களை உயர வரிசையில நிறுத்தினா நடுவுல நிக்கிறவரோட அளவு’ன்னு டைப் பண்ணி ஒரு பதில் வந்துச்சு. அது நீங்களா?”

“ஆமா சார். சட்டை தைக்கிறவளுக்கு அதுதான் புரிஞ்சது.”

“அவ்வளவு நல்லா பதில் சொன்ன பொண்ணு தேர்வுக்கே வராதப்பவே நான் விசாரிச்சிருக்கணும். செய்யலை.” பேனா மூடியைத் திருகினார். “நீங்க எழுதியிருந்தா பாஸாகியிருப்பீங்க.”

“சார், அவங்களை இன்னும் கிளப்பி விடாதீங்க” என்றாள் மகள். அந்த அலுவலக வாசலை மிதித்ததிலிருந்து அப்போதுதான் அவள் சிரித்தாள்.

விசாரிக்காமல் விட்டது தன் பிழை என்றும் சேர்த்து எழுதி, எனக்குக் கீழே அவரும் கையெழுத்திட்டார்.

ஐந்து வாரம் நானும் மகளும் காத்திருந்தோம். பிறகு கடிதம் வந்தது. என்னைக் கண்டித்து ஒரு வரி. அந்தப் பருவத்தின் வருகை ரத்து. அடுத்த வரியை மகள் வாய்விட்டு வாசித்தாள்: “தந்தையின் மரணத்தால் மாணவியின் படிப்பு தடைப்பட்டது என ஏற்கப்படுகிறது. உதவித்தொகை தொடரும்.” அவர் போனதைப் பற்றி இந்த வீட்டில் நாங்கள் சத்தமாகச் சொன்னது அதுவரை இல்லை. அவள் அழுது முடிக்கும்வரை அருகில் உட்கார்ந்திருந்தேன்.

முகம் கழுவிக்கொண்டு வந்து கால அட்டவணையைத் தேடினாள்.

“திங்கக்கிழமை ஒன்பது மணிக்கு முதல் வகுப்பு” என்றேன்.

“தெரியும்மா. இந்தத் தடவை நானே போறேன்.”