டீச்சர் சைக்கிளின் கரகரப்பு

தொண்ணூற்றெட்டாம் வருஷத்து மழைக்காலத்தில் சிவகௌரி டீச்சரின் சைக்கிள் மூன்றாவது தடவையாக லிந்துலையில் இராமையாவின் கடைக்கு வந்து நின்றது. டீச்சருக்கு யாழ்ப்பாணம். இந்த மேட்டிலும் பள்ளத்திலும் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போய் வருகிற ஒரே பெண் அவர்தான்.

"அண்ணை, மிதிக்கேக்கை திரும்பவும் கரகரக்குது. நாலு மாசத்திலை மூண்டு தரம்! பழைய போல்ஸ் குண்டுகளைத்தான் கழுவிப் போடுறியள் போல."

இராமையாவுக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷக் கடையில் அப்படி ஒருவரும் சொன்னதில்லை. அதுவும் வீரம்மாவுக்கு முன்னால். கொழுந்தெடுத்துவிட்டு, புருஷனின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து பலகையில் உட்கார்ந்திருந்தாள். அவள் வாய் திறந்தால் பொழுது சாய்வதற்குள் ஆறு லயத்து வீடுகளுக்கும் தெரிந்துவிடும்.

"புதுசுதாங்க போட்டேன். பாக்கெட்டப் பிரிச்சத நீங்களே பாத்தீங்க."

"அப்ப ஏன் பழுதாகுது?"

"அதானே?" வீரம்மா எழுந்தாள். "அண்ணே, நம்ம வண்டிய இன்னொரு நாளைக்குக் கொண்டாறேன்."

"உக்காரு வீரம்மா. தெறக்குறேன், பாத்துட்டுப் போ."

எந்தச் சைக்கிளையும் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துத்தான் அவர் வேலை தொடங்குவார். இன்றைக்குக் கைப்பிடிக் கூடை நிறையப் பரீட்சைத் தாள்கள். "கவிழ்க்காதேங்கோ, எல்லாம் கலந்துபோகும்" என்று டீச்சர் பிடித்துக்கொண்டார். நிறுத்தியபடியே, குந்தி உட்கார்ந்து, மிதிகளைக் கழற்றி, நடு அச்சைத் தாங்கும் கப்பைத் திருகினார். கடைசிப் புரி விட்டதும் குபுக்கென்று துருத்தண்ணீர் அவர் முழங்காலில் கொட்டியது. ஒரு தம்ளர் இருக்கும்.

"இதென்னண்ணே, தண்ணி கொட்டுற பீலியா?" வீரம்மா சிரித்தாள்.

இராமையா சிரிக்கவில்லை. கிரீஸ் பால்போல வெளுத்திருந்தது. குண்டுகளில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள். இரண்டு சக்கரங்களையும் சுழற்றிப் பார்த்தார், சத்தமே இல்லை. ரோட்டுத் தண்ணீர் என்றால் அங்கேயும் போயிருக்கும். இது மேலே இருந்து இறங்கிய தண்ணீர். ஆசனத்தின் போல்டைத் தளர்த்தினார். மற்றவர்கள் சைக்கிளில் சுத்தியலால் அடித்தாலும் அசையாத ஆசனத் தண்டு, இதில் கையோடு வந்தது.

"டீச்சர், சீட்ட அடிக்கடி கழட்டுவீங்களா?"

"ஓம். பள்ளிக்கூடத்திலை கழட்டி அலுமாரிக்குள்ளை வச்சிடுவன். இல்லாட்டி இடைவேளைக்குப் பிள்ளையள் ஏறி ஓடிடுவினம்."

"சைக்கிள் எங்கங்க நிக்கும்?"

"தகரக் கூரைக்குக் கீழை, சுவரோடை…" டீச்சர் பாதியில் நிறுத்தி, திறந்து கிடந்த குழாயைப் பார்த்தார். "ஐயோ! கூரைத்தண்ணி."

"நேரா உள்ள எறங்கியிருக்கு. நான் மட்டும் என்ன ஒழுங்காங்க? ரெண்டு தடவையும் கவுத்துப் போட்டேன். தண்ணி சீட்டுப் பக்கம் ஓடிப்போச்சு. துருவப் பாத்துட்டு மழைன்னு விட்டுட்டேன்."

புதுக் குண்டுகளைப் போட்டு முடித்து, காலிப் பால் டின் ஒன்றைக் கூடைக்குள் வைத்தார். "சீட்டக் கழட்டினா குழாய்க்கு இதக் கவுத்து விடுங்க."

டீச்சர் வீரம்மாவிடம் திரும்பினார். "போல்ஸிலை பிழையில்லை. நான் சொன்னதை ஒருத்தரிட்டையும் சொல்லாதேங்கோ."

"எத டீச்சர்? போல்ஸயா, பீலியயா?" வீரம்மா புருஷனின் சைக்கிளை இராமையாவின் பக்கமாக உருட்டினாள்.

"அண்ணே, இதையும் பாருங்க. கவுக்காம பாருங்க."