கடை மடிப்பு

வெள்ளைக் கோலைப் பார்த்ததுமே ஜவுளிக்கடையில் நின்ற அவருக்கு அந்த நினைப்பு வந்துவிட்டது.

கோல் முதலில் கண்ணாடிக் கதவின் அடிச்சட்டத்தைத் தட்டியது. பிறகு படியை. பிறகு ஒரு பெண் உள்ளே வந்தாள். வயது நாற்பதை நெருங்கும். பின்னால் இன்னொருத்தி, கையில் போனோடு. முகச் சாயலே தங்கை என்று சொன்னது.

"பட்டு வேணும். கைத்தறிதான் வேணும்" என்றாள் தங்கை. "அக்காவுக்குக் கல்யாணம். பத்தே நாள் இருக்கு. இன்னிக்குத்தான் மகாராணி கடைக்கு வரச் சம்மதிச்சாங்க."

"மாப்பிள்ளை வரலையாம்மா?"

"அவருக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியும். ஆனா பிரயோஜனம் இல்ல" என்றாள் அக்கா. "சிவப்பைக் காட்டினாலும் நல்லாருக்கும்பார், சாம்பலைக் காட்டினாலும் நல்லாருக்கும்பார்."

மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டவருக்குக் கடையில் பெயர் மடிப்பு. இருபத்தாறு வருடமாகச் சேலை விரித்துக் காட்டுகிறார். காலையிலிருந்து நூறு சேலையைக் கலைத்துப் போட்டாலும் சாயங்காலத்துக்குள் நூறும் பழைய கோட்டிலேயே மடிந்து தட்டுக்குப் போய்விடும். முதலாளி அப்படித்தான் கூப்பிட்டார். மடிப்பின் மனைவியே கடைக்குப் போன் செய்தால் "மடிப்பு இருக்காரா?" என்றுதான் கேட்பாள்.

இருவரையும் உட்காரவைத்துவிட்டு ஏணியை இழுத்துப் போட்டார். மேல்தட்டு, இடது ஓரம், அடியிலிருந்து இரண்டாவது. தேட வேண்டியிருக்கவில்லை. நான்கு சேலைகளோடு இறங்கினார். தேடாமல் எடுத்த அந்தச் சேலையை மூன்றாவதாக வைத்தார்.

மாதத்தின் முதல் திங்கள். மணி பத்தேகால். எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்தில் பெஞ்சு காலியாக இருந்தது. பதினொன்றுக்கு ஒரு பெரியவர் வந்துவிடுவார். பெஞ்சில் உட்கார்ந்து, கடைக் கண்ணாடி வழியாக உள்ளே பார்ப்பார். மடிப்பு தலையை இடமும் வலமுமாக லேசாக அசைப்பார். அடுத்த பஸ்ஸில் பெரியவர் ஏறிப் போவார். இருபத்துமூன்று மாதமாக இதுதான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, மேலும் கீழுமாகத் தலையசைத்துவிட்டால் போதும். அவர் அதற்கப்புறம் வர மாட்டார்.

முதல் சேலையை அக்காவின் மடியில் வைத்தார். அவள் விரிக்கவில்லை. இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக் கனம் பார்த்தாள். பிறகு கரையும் உடலும் சேருகிற இடத்தைப் பின்பக்கமாகத் தடவினாள்.

"இது மெஷின்ல ஓடினது."

"எப்படிம்மா சொல்றீங்க?"

"கையால நெய்ஞ்சா கரை வேற, உடம்பு வேற. கோக்கிற இடத்துல பின்னாடி ஒரு தழும்பு நிக்கும். இது வழுவழுன்னு போகுது."

"அவகிட்ட வச்சுக்காதீங்க சார்" என்றாள் தங்கை. "சின்ன வயசுல நான் பாதி கடிச்சு மறைச்சு வச்ச மிட்டாய, பல்தடத்தத் தடவியே யாருதுன்னு சொல்லுவா."

கைத்தறி கேட்பவர்களுக்கு முதலில் ஒன்று அப்படிக் காட்டிப் பார்ப்பது கடையின் பழக்கம். மடிப்பு சிரித்துச் சமாளித்தார். அப்போதே மூன்றாவதை உருவி எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

இரண்டாவதை அவளே தள்ளி வைத்தாள். "கனம் இருக்கு. எதுக்குன்னுதான் தெரியல."

மூன்றாவதை அவர் விரித்தார். அரக்குச் சிவப்பு. ஒரு சாண் அகலத்துக்கு ஜரிகைக் கரை. முந்தியை அவள் தோளில் போட்டு, மார்புக்குக் குறுக்கே சரித்து, பழக்க தோஷத்தில் தோளைத் தொட்டுக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டார். திருப்பிய பிறகுதான் உறைத்தது.

"எப்படி இருக்கேன்?" என்றாள்.

"நல்லா இருக்கீங்கம்மா."

"என்கிட்ட சொல்றீங்களா, கண்ணாடிகிட்ட சொல்றீங்களா?"

தங்கை வாய்விட்டுச் சிரித்தாள். மடிப்பும் சிரித்தார். கண்ணாடியில் அவர் கண்ணுக்குச் சேலை மட்டும் தெரிந்தது. அதற்கு மேலே முகத்தைப் பார்க்கவில்லை. அந்தச் சேலைக்கு மேலே இருக்கிற முகத்தை அவர் பார்ப்பதில்லை.

அவள் உட்கார்ந்தாள். சேலையின் கீழ்க்கரையை மடிக்கு இழுத்து ஓரமாக விரலை ஓட்டினாள். விரல் நின்றது. பின்னால் போனது. மறுபடி முன்னால் வந்தது.

"இது என்ன?"

"எதும்மா?"

"ஓரத்துல ஓட்டை."

பதில் தயாராகவே இருந்தது. "கைத்தறின்னா அது இருக்கும்மா. தறியில துணி சுருங்காம ரெண்டு பக்கமும் முள்ளுக் கட்டை வச்சு இழுத்துப் பிடிப்பாங்க. அந்த முள்ளுத் தடம். அதான் கைத்தறிக்கு அடையாளமே."

"அது ரெண்டு ஓரத்துலயும் இருக்கும்" என்றாள். "இது கீழ் ஓரத்துல மட்டும் இருக்கு. உள்முனையில ஆரம்பிச்சு பாதியில நின்னுடுது. நாலு விரக்கடைக்கு மேல இன்னொரு வரிசை போகுது. இது உள்பக்கம் ஃபால்ஸ் துணி தச்சுப் பிரிச்ச தடம்."

தங்கை போனைக் கீழே வைத்தாள்.

அந்தத் தையலை மடிப்புதான் பிரித்தார். ஒரு மதியம், மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில், பிளேடு முனையால் ஒவ்வொரு கண்ணாக அறுத்தார். ஆவி காட்டினார். நகத்தால் நீவினார். வெளிச்சத்தில் பிடித்தால் அப்போதும் தெரிந்தது. முதல் வருடம் நான்கு பேருக்கு விரித்தார். நான்கு பேரும் ஓரத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வேறு கேட்டார்கள். அதன்பிறகு அவர் விரிக்கவில்லை.

"யாரோ உடுத்தின சேலை" என்றாள். அவள் கை நிற்கவில்லை. முந்தியைப் பிடித்துக்கொண்டு கை நீளத்துக்கு உள்ளே போனாள், தோளில் ஊசி குத்துகிற இடத்துக்கு. அங்கே ஆள்காட்டி விரலை வைத்து வட்டமாகச் சுற்றினாள். உதடு மெல்ல அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஒம்போது."

"என்னது அக்கா?"

"பின் குத்தின ஓட்டை. ஒரு காசு அகலத்துக்குள்ள ஒம்போது. குத்தி, எடுத்து, திரும்ப அங்கேயே குத்தியிருக்கா. கொசுவத்துக்கு இடுப்புல ஒண்ணுதான் குத்தியிருக்கு. தோள்லதான் இத்தனை." அவள் விரலை எடுக்கவில்லை. "கிளம்ப மனசில்லாம நின்னிருக்கா இவ."

மடிப்பு ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். வாடிக்கையாளர் முன்னால் அவர் உட்கார்ந்ததே இல்லை.

"கண்ணு தெரியாதவங்களுக்கு இது போதும்னு நினைச்சீங்களா?" என்றாள். குரல் உயரவில்லை. "நான் என்ன வேலை பாக்கிறேன்னு கேட்டிருக்கலாம். கண்ணு தெரியாதவங்க படிக்கிற புத்தகம் அச்சாகி வரும்ல, அதுல புள்ளி சரியா விழுந்திருக்கான்னு பாக்கிற வேலை. பதினஞ்சு வருஷமா."

"நாம போலாம் அக்கா. வேற கடையே இல்லையா?"

"இரு. இவர் சொல்லட்டும்."

அவர் சொன்னார். யாரிடமும் சொல்லாததால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. சேலையிலிருந்து ஆரம்பித்தார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆறு பேர் வந்தார்கள். அம்மா, அப்பா, அத்தை, சித்தி இரண்டு பேர், கல்யாணப் பெண். முப்பது சேலைக்கு மேல் விரித்தாயிற்று. அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. ஒதுக்கிப்போட்ட குவியலில் ஒரு பச்சை கிடந்தது. மெல்லிய கரை, உடலில் ஜரிகையே கிடையாது. அதன் ஓரத்தை அவள் விரலால் பிடித்துக்கொண்டிருந்தாள். அத்தை, "இது வெத்தலைக் கொடி மாதிரி இருக்கு" என்று பிடுங்கிப் போட்டாள். அரக்குச் சிவப்பை அம்மா எடுத்தாள். மடிப்பு பெண்ணின் தோளில் போட்டுக் கண்ணாடி முன்னால் நிறுத்தினார்.

"அவ கண்ணாடியப் பாக்கல" என்றார். "தலையத் தூக்கவே இல்ல. எல்லாரும் பேச்ச நிறுத்திட்டாங்க. அவங்களுக்கும் ஏதோ பட்டிருச்சு. அம்மா மட்டும் 'ஏண்டி, பிடிக்கலையா?'ன்னு கேட்டாங்க."

"அவ என்ன சொன்னா?"

"வாயத் தொறந்தா. அதுக்குள்ள நான் பேசிட்டேன். 'பொண்ணுக்குக் கண்ணாடி எதுக்குங்க, அம்மா முகத்தப் பாத்தா போதாதா?'ன்னு. எப்பவும் சொல்றதுதான். எல்லாரும் சிரிச்சாங்க. அதோட முடிஞ்சுது. பில் போட்டாச்சு."



கல்யாணத்தன்று விடியலில் அந்தப் பெண் உடுத்தியிருக்கிறாள். அலங்காரம் செய்தவளை அஞ்சு நிமிஷம் என்று வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறாள். கதவைத் திறந்தபோது அறையில் அவள் இல்லை. கட்டில்மேல் சேலை மடித்து வைத்திருந்தது. தினம் போடுகிற பழைய துணியில் பின்வாசல் வழியாகப் போயிருக்கிறாள். மூன்றாம் நாள் ஆற்றில் கிடைத்தாள்.

"ஒரு மாசம் கழிச்சு அவ அப்பா வந்தார். கையில இந்தச் சேலை. பணம் வேணாம்னார். வீட்டுல வச்சுக்க முடியல, எரிக்கக் கை வரல, மத்ததோட மத்ததா வச்சிடுங்கன்னார். யாருக்குப் போச்சுன்னு சொல்ல வேணாம், போச்சுன்னு மட்டும் தெரிஞ்சா போதும், மாசம் ஒரு தடவ எதிர்ல வந்து உக்காந்து பாத்துக்கிறேன்னார். ஏன் இங்கயே கொண்டுவந்தீங்கன்னு கேட்டேன்." மடிப்பு தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "அவ கடை மடிப்புலயே மடிச்சு வச்சிருந்தா, திருப்பிக் குடுத்துடுங்கன்னு சொல்ற மாதிரி இருந்துதுன்னார்."

அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து அன்று மடிப்பு மேசைமேல் வைத்துப் பார்த்தார். பிரிக்காத சேலை மாதிரிதான் இருந்தது. முந்தி உள்ளே, கரை மேலே, மூன்றாம் மடிப்பில் அரை விரல் விட்டுத் திருப்பியது. அந்த அரை விரல் அவருடைய பழக்கம். அவர் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை. சேலை எடுக்க வந்த அன்று, பில் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு முறை அந்தப் பெண் எதிரே மடித்தார்.

கண்ணாடியைப் பார்க்காதவள் மடிக்கும்போது எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் எந்தச் சேலையை மடித்தாலும், மூன்றாம் மடிப்பு வரும்போது எதிரே யாரோ குனிந்து கையைப் பார்ப்பதுபோல் இருக்கும். நிமிர்ந்தால் காலி நாற்காலி. இருபத்துமூன்று மாதமாக அந்த இடத்தில் அவர் கை ஒரு கணம் நின்று பிறகுதான் திரும்புகிறது. முதலாளி ஒருநாள், "வயசாகுது மடிப்பு, கை தடுமாறுது" என்றார்.

இதை அவர் இவளிடமும் சொல்லவில்லை.

அக்கா சேலையைத் தோளிலிருந்து எடுத்தாள். தானே மடிக்க முயலவில்லை. இரண்டு கையாலும் அள்ளி அவரிடம் நீட்டினாள்.

"அவ உடுத்தினதுக்காக வேணாம்னு சொல்லல. என் தலையில கட்டப் பாத்தீங்க, அதனால வேணாம்."

"மன்னிச்சுக்கங்கம்மா."

"அவ கண்ணாடி பாக்காதத அவ அப்பாகிட்ட சொன்னீங்களா?"

மடிப்பு சேலையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"பச்சையத் தொட்டுக்கிட்டு நின்னாளே, அதையாவது?"

"அவர் கேக்கல."

"அவருக்கு எப்படிக் கேக்கத் தெரியும்?" என்றாள்.

நான்காவது சேலையை அவள் எடுத்துக்கொண்டாள். இரண்டு ஓரத்திலும் விரலை ஓட்டி, முள்ளுத் தடம் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்த்தாள். தங்கையிடம் நிறம் கேட்டாள்.

"மஞ்சள்னு சொல்ல முடியாது. நீ காய்ச்சல்ல குடிப்பியே, அந்தக் கஷாயத்துல தேன் விட்டா வருமே, அது."

"நல்லாருக்குமா?"

"மாமா நல்லாருக்குன்னுதான் சொல்லுவார். நான் சொல்றேன், நல்லாருக்கு."

வாசல்வரை மடிப்பு கூடவே போனார். கோல் படியைத் தட்டியது, சட்டத்தைத் தட்டியது, தெருச் சத்தத்தில் கலந்தது.

மணி பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. மேசைக்குத் திரும்பி அரக்குச் சிவப்பை மடித்தார். முந்தி உள்ளே, கரை மேலே. மூன்றாம் மடிப்பில் கை நின்றது. எதிரே நாற்காலி இருந்தது. இந்த முறை நிமிர்ந்து பார்க்காமல், அரை விரல் விட்டுத் திருப்பி, மெதுவாக, யாருக்கோ காட்டுவதுபோல் முடித்தார். தோளில் ஊசி குத்திய இடம் மேலே வந்தது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தேடினார். முதலில் ஒன்றும் அகப்படவில்லை. பிறகு ஒன்று. பிறகு பக்கத்தில் இன்னொன்று. ஐந்துக்கு மேல் அவர் விரலுக்குப் படிக்கத் தெரியவில்லை.

பெரியவர் பெஞ்சுக்கு வந்திருந்தார். வழக்கமான சட்டை, வழக்கமான குடை. கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

மேலும் கீழுமாக ஒரு அசைப்பு. அவ்வளவுதான். அதைச் செய்யலாம். மடிப்பின் கழுத்து அதற்குத் தயாராகக்கூட இருந்தது.

அவர் சேலையை எடுத்துக்கொண்டு கதவைத் தள்ளினார். "எங்க மடிப்பு?" என்று முதலாளி கேட்டது காதில் விழுந்தது. இரண்டு வண்டிகளுக்கு வழிவிட்டுத் தெருவைக் கடந்தார். பெரியவர் எழுந்து நின்றார். அவர் கண் முதலில் சேலைக்குப் போனது.

"யாருக்கும் பிடிக்கலையா?"

"உங்க பொண்ணுக்கே பிடிக்கலைங்க" என்றார் மடிப்பு. "எனக்கு அன்னிக்கே தெரியும். நான்தான் அவள பேச விடல."

பஸ் வந்தது. கதவு திறந்தது. ஏறுகிறார்களா என்று நடத்துநர் இருவரையும் பார்த்தார். கதவு மூடிக்கொண்டது. பஸ் போய்விட்டது.

பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு குடையை மறுபக்கம் மாற்றி வைத்து இடம் விட்டார்.

"எது பிடிச்சிருந்துது அவளுக்கு?"

"பச்சைங்க. மெல்லிசா ஒரு கரை."

பெரியவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினார். "இவ்வளவா?"

"இன்னும் சின்னது."

அவர் விரல்களைக் கொஞ்சம் நெருக்கினார்.