இருநூறு லிட்டர் டிரம்

ஜெசிந்தா டீச்சர் தேர்வு வைத்தால் மணியடிப்பதற்குள் திருத்தி முடித்துவிடுவார். தப்புப் போட்ட பிள்ளையை மட்டும் பெயர் சொல்லி மேசைக்குக் கூப்பிடுவார். சிவப்புச் சுழியைப் பார்த்துவிட்டு, அங்கேயே நின்று மறுபடி போட வேண்டும். பிள்ளைகளுக்கு அது பெரிய இம்சைதான், ஆனால் கணக்கு மண்டையில் ஏறிவிடும். டீச்சர் கூப்பிடவில்லை என்றால் விடை சரி. வருஷக்கணக்காக அந்த வகுப்பில் அதுதான் சட்டம்.

ஒரே ஒரு தடவை தவறியது. மாதா கோயில் திருவிழா நெருங்கியிருந்தது, பாட்டுக்குழு ஒத்திகை அவர் தலையில். எட்டாம் வகுப்புத் தாள்களைக் கட்டிப் பையில் போட்டவர், திருவிழா முடிந்து கொடி இறங்கட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். கொடி இறங்கியது. டீச்சருக்கு அசதி. பை வீட்டு ஆணியிலேயே தொங்கியது.

அந்தத் தேர்வில் ஒரு கணக்கை அவரே ஆசை ஆசையாக அமைத்திருந்தார். அதுவரை பத்து லிட்டர் தெளிப்பானை முதுகில் மாட்டித் திராட்சைக்கு மருந்தடித்த ஊரில், இந்த வருஷம்தான் மோட்டார் வைத்த பெரிய டிரம் வாடகைக்கு வந்திருந்தது. ‘பத்து லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி மருந்து. இருநூறு லிட்டர் டிரம்முக்கு எவ்வளவு?’ பிள்ளைகள் வீட்டுக்கு உதவட்டுமே என்று நினைத்தார்.

சனிக்கிழமை காலை, அருளப்பன் தோட்டம் பாழாய்ப் போனது என்று கேள்விப்பட்டு ஓடினார். அருளப்பன் மகள் அனிதா மேரி அவரிடம் படிப்பவள். திராட்சைப் பந்தலுக்குக் கீழே போய்ப் பார்த்தார். பச்சைப் பசேலென்று இருந்த கொடியெல்லாம் கருகிச் சுருண்டு கிடந்தது. பிஞ்சு தொட்டாலே உதிர்ந்தது.

“பாத்தீகளா டீச்சரம்மா என் கதிய?” அருளப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். “கம்பம் டவுனு மருந்துக் கடைக்காரன் கள்ள மருந்தைத் தலையில கட்டிட்டான். அவனை உண்டு இல்லைன்னு ஆக்காம விட மாட்டேன்.”

“எவ்வளவு ஊத்துனீக?”

“ஒரு லிட்டரு. கணக்குப் போட்டது என் மக. சும்மாவா, உங்ககிட்டப் படிக்கிற புள்ளையில்ல!”

நூறு மில்லி ஊற்ற வேண்டிய இடத்தில் ஆயிரம். டீச்சர் பந்தல் கல்தூணைப் பிடித்துக்கொண்டார்.

“எப்படிம்மா போட்ட?” என்று பக்கத்தில் நின்ற அனிதா மேரியைக் கேட்டார்.

“இருநூறை அஞ்சால பெருக்குனேன் டீச்சர்.”

“பத்தால வகுக்கலையா?”

பிள்ளையின் முகம் வெளுத்தது. “பரிட்சையிலயும் அப்படித்தான எழுதுனேன். தப்புன்னா கூப்பிட்டிருப்பீகல்ல? கூப்பிடலைன்னதும் சரின்னு நெனச்சோம்.”

“நெனச்சோமா? வேற யாரு?”

“பாதி வகுப்புக்கு ஆயிரம்தான் டீச்சர் வந்துச்சு. ரெக்ஸுக்கும். டிரம்மு இப்ப அவுக தோட்டத்துலதான் இருக்கு.”

“அண்ணே, கடைக்காரர் மேல தப்பில்ல. நான் தாளைத் திருத்தலை. தப்பு என் மேலதான்” என்று சொல்லிக்கொண்டே டீச்சர் ஓட ஆரம்பித்தார். அருளப்பன் ஒன்றும் விளங்காமல் நின்றார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மோட்டார் சத்தம் கேட்டது. செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. அதை அங்கேயே விட்டுவிட்டு ஓடினார்.

ரெக்ஸின் அப்பா குழாயைக் கையில் எடுத்துப் பந்தலைப் பார்த்துத் தூக்கியிருந்தார். “நிறுத்துங்க! அடிச்சிராதீக!” என்று டீச்சர் போட்ட கூச்சலில் அவர் பதறிப்போய் மோட்டாரை அணைத்தார்.

“எவ்வளவுடா ஊத்துன?”

“ஒரு லிட்டரு டீச்சர்” என்றான் டிரம் பக்கத்தில் நின்ற ரெக்ஸ். “சரிதான?”

“தப்பு. நூறு மில்லிதான். பத்தால வகுக்கணும்.”

ரெக்ஸ் நெற்றியில் அடித்துக்கொண்டான். “ஆமா டீச்சர்!” ஒரு நொடியில் அவனுக்குப் புரிந்துவிட்டது. டிரம்மைச் சாய்க்க வேண்டியதுதான், தோட்டம் தப்பித்தது.

பின்னாலேயே ஓடிவந்த அனிதா மேரி, டீச்சரின் செருப்பைக் கையில் பிடித்தபடி மூச்சிரைக்க நின்றாள்.

“இதை எனக்கு ஏன் டீச்சர் சொல்லலை?” என்று கேட்டாள்.