கை மடியில்

புயல் என்று அந்தப் பெண்ணுக்குப் பெயர் வைத்தவள் சிறப்புப் பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. வந்த முதல் வாரத்திலேயே புயல் அவள் மணிக்கட்டைக் கடித்து, சாப்பாட்டு மேசையையும் புரட்டிப் போட்டிருந்தாள். அப்போது வயது பதின்மூன்று. இப்போது இருபது. அவளுடைய டீச்சரின் இடது சுண்டுவிரல் இன்றைக்கும் நேராக நிற்காது. அதை ஒடித்ததும் புயல்தான். வாயில் பேச்சு அதிகம் வராது. கோபம் வந்தால் கைதான் பேசும்.

டீச்சரும் லேசுப்பட்டவள் அல்ல. பிடித்த பிடியை விடமாட்டாள். பல் தேய்க்க, பட்டன் போட, கதவைச் சாத்திக்கொண்டு தானே குளிக்க, கடிகாரத்தில் எட்டு மணியைக் கண்டுபிடிக்க, பத்து வரை எண்ண என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுத்தாள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பாடம் இருந்தது. "கை மடியில" என்று சொன்னால் புயல் உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் வைத்துவிட வேண்டும். "சரி" என்று சொல்லும் வரை, இடியே விழுந்தாலும் எடுக்கக் கூடாது. மூன்று வருஷம் கடியும் குத்தும் வாங்கிய பிறகு பாடம் பிடிபட்டது. பார்வையிட வந்த அதிகாரிகளுக்கெல்லாம் டீச்சர் அதைச் செய்து காட்டினாள். பெருமை தலைக்கேறிவிட்டது, வேறென்ன சொல்ல.

அந்தப் பாடத்தின் பலத்தில்தான் வேலையும் கிடைத்தது. பெரிய ஹோட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் துண்டுகளைப் பத்துப் பத்தாக மடித்து அடுக்க வேண்டும். முதல் நாள் டீச்சரே கூடப் போய் சூப்பர்வைசரிடம் எல்லாவற்றையும் விளக்கிவிட்டு வந்தாள்.

நான்கு மாதம் கழித்து ஒரு காலை, புயலின் அம்மா வகுப்பறைக்குள் வந்தாள். தையல்காரி, அதிர்ந்து பேசாதவள். அன்றைக்கு உதடு கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. மேசையில் பிள்ளைகளுக்குப் பரிமாறப் பழக்குகிற தட்டுகளையெல்லாம் ஒரே கையால் வாரித் தள்ளினாள்.

"சட்டை தைக்க அளவெடுத்தேன் டீச்சர். டேப்பை முதுகுல வச்சதும் துடிச்சுப்போனா. தூக்கிப் பாத்தா வரிவரியா இருக்கு. புதுசு பழசு எல்லாம் கலந்து."

"நீங்க இதுக்கு முன்னாடி பாக்கலையா?"

"எப்படிப் பாக்கறது? கதவைச் சாத்திட்டுக் குளிக்கக் கத்துக்கொடுத்தது நீங்கதானே? யாரு அடிச்சாங்கன்னு கேட்டா பத்துங்கறா. எத்தனை தடவை கேட்டாலும் பத்துதான்."

"இப்போ எங்கே இருக்கா?"

"வேலைக்குப் போயிட்டா. வழிமறிச்சேன், என்னைத் தள்ளிட்டுப் போயிட்டா. எட்டு மணிக்குக் கிளம்பணும்னு அதையும் நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க."

 டீச்சர் பையைக்கூட எடுக்காமல் ஓடினாள்.

சலவைக்கூடத்துக்குப் பின்வாசல் உண்டு. உள்ளே சோப்பு நெடி, நீராவி, இயந்திரங்களின் இரைச்சல். அதையும் மீறி புயலின் குரல் கேட்டது.

"நாலு... அஞ்சு..."

துண்டை எண்ணுகிறாள் என்று நினைத்து, அந்த அவசரத்திலும் டீச்சருக்கு ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. அந்த ஒரு நொடிக்காக அவள் பிறகு தன்னை மன்னிக்கவே இல்லை.

தள்ளுவண்டியைத் தாண்டியதும் தெரிந்தது. புயல் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில் இருந்தன. பின்னால் சூப்பர்வைசர் ஈரத்துண்டைக் கயிறாக முறுக்கி ஓங்கிக்கொண்டிருந்தான். துண்டு முதுகில் விழுந்தது. "ஆறு," என்றாள் புயல். இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் தலையை நிமிர்த்தவில்லை.

சுவரில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. டீச்சரின் முத்து முத்தான கையெழுத்து. 'கோபம் வந்தால் கை மடியில் என்று சொல்லவும். சரி என்று சொல்லும் வரை அசையமாட்டாள்.'

துணி கிளறும் மரக்கோல் கைக்கு அகப்பட்டது. டீச்சர் அதை அவன் தோளில் இறக்கினாள். இரண்டாவது அடிக்குள் கோல் அவன் கைக்குப் போய்விட்டது. அவள் தலைமுடியைப் பிடித்து இரும்பு மேசையில் மோதினான். அவள் கீழே விழுந்ததும் விலாவில் உதைத்தான்.

"அட்டையை எழுதிக் கொடுத்தது யாரு? நீதானே? அதுல இருக்கறதைத்தானே நான் செய்யறேன்," என்று சொல்லிச் சொல்லி உதைத்தான்.

டீச்சரின் வாயெல்லாம் ரத்தம். ஒரு பல் நாக்கில் உருண்டது. மூன்றடி தள்ளி புயலின் கைகள் மடியிலேயே இருந்தன. கண்கள் டீச்சரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன, அந்த ஒரு சொல்லுக்காக.

சொன்னால் என்ன ஆகும் என்று டீச்சருக்கு நன்றாகத் தெரியும். ஏழு வருஷ உழைப்பு மண்ணாகும். போலீஸ் வரும். அடிக்கிற பெண் என்று பெயர் எழுதிவிட்டால் எந்த வேலையும் கிடைக்காது. வெளியே பூட்டுப் போட்ட இல்லத்துக்குத்தான் அனுப்புவார்கள். சொல்லாவிட்டால் நாளைக்கும் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுவாள்.

"சரி," என்றாள் டீச்சர்.

புயல் எழுந்தாள். முக்காலி அவன் முகத்தில் உடைந்தது. மூக்கிலிருந்து ரத்தம் பீறிட்டு வெள்ளைத் துண்டு அடுக்கெல்லாம் நனைந்தது. அவன் சுருண்டு விழுந்தான். புயல் அவன் மார்பில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மாற்றி மாற்றி இறக்கினாள். ஒவ்வொரு குத்துக்கும் எண்ணினாள். எண் பிசகவே இல்லை. பத்து என்றதும் நிறுத்தினாள். அதற்கு மேல் அவளுக்கு எண் தெரியாது.

அவன் முனகிக்கொண்டு கிடந்தான். புயல் எழுந்து திரும்பி டீச்சரைப் பார்த்தாள். பிறகு சுவரில் இருந்த அட்டையைப் பார்த்தாள். படிக்க வராது என்றாலும் அந்தக் கையெழுத்து யாருடையது என்று அவளுக்குத் தெரியும். மூச்சு இரைக்க, ரத்தம் சொட்டும் முஷ்டியை ஓங்கிக்கொண்டு டீச்சரை நோக்கி வந்தாள்.

"கை மடியில" என்பது டீச்சரின் தொண்டை வரை வந்துவிட்டது. ஏழு வருஷப் பழக்கம் சும்மா விடுமா. அதை ரத்தத்தோடு சேர்த்து விழுங்கினாள். மேசைக் காலில் சாய்ந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். தன் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

குத்து கன்னத்தில் விழுந்தது. கண்ணில் பூச்சி பறந்தது.

"ஒண்ணு," என்றாள் புயல்.

டீச்சர் கையை எடுக்கவில்லை. அடுத்ததற்குக் காத்திருந்தாள். முஷ்டி மேலேயே நின்றது. புயல், மடியில் இருந்த அந்தக் கைகளை, கோணலான அந்தச் சுண்டுவிரலை, வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். இதுவரை அவள் ஒருமுறைகூடச் சொல்லியிராத அந்தச் சொல்லைச் சொன்னாள்.

"சரி."