நொட்டாங்கைச் சுற்று

டமார்!

செல்லச்சாமி பாயிலிருந்து எழுந்து உட்காருவதற்குள் இரண்டாவது வெடித்தது. மூன்றாவதில் ஓட்டிலிருந்து தூசி கொட்டியது. அதற்கப்புறம் எண்ண முடியவில்லை.

வெடிச்சத்தம் அந்த ஊருக்குப் புதிதில்லை. ஆமத்தூருக்குத் தெற்கே எண்பது வீடு கொண்ட சின்ன ஊர். எண்பது வீட்டிலிருந்தும் ஒருவராவது பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறார்கள். ஆனால் இந்தச் சத்தம் கண்மாய்ப் பக்கமிருந்து வந்தது. அங்கே கம்பெனி எதுவும் கிடையாது.

"இன்னைக்குப் பாத்தா வெடிக்கணும்!" என்று சட்டையைத் தேடினான்.

இன்று பத்து மணிக்கு வனத்துறை ரேஞ்சர் வருகிறார். கண்மாய்க்குள் நிற்கிற கருவேல மரங்களில் மஞ்சமூக்கு நாரைகள் கட்டியிருக்கும் கூடுகளை எண்ணப் போகிறார். அவர் எழுதிக்கொண்டு போனால் கண்மாய் பறவைகளுக்கென்று ஆகிவிடும். கரையை ஒட்டி வரப்போகிற புது வெடிக் கம்பெனிக்கு லைசென்ஸ் கிடையாது. மூன்று வருஷம் மனு எழுதி எழுதி, விருதுநகருக்கும் மதுரைக்கும் அலைந்து, இந்த ஒரு நாளைக் கொண்டுவந்து சேர்த்திருந்தான் செல்லச்சாமி.

அவன் மனைவி இருளம்மாள் அதற்குள் எழுந்து அடுப்பைப் பற்ற வைத்திருந்தாள். தண்ணீர்ச் செம்பை இடது கையால் நீட்டினாள்.

"மூஞ்சியக் கழுவிட்டுப் போங்க."

முகத்தில் தண்ணீரை இரண்டு அறை அறைந்துகொண்டு ஓடினான்.

கரையில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. வானத்தில் நாரைகள் கூட்டமாகச் சுற்றின, ஒன்றுகூட இறங்கவில்லை. மரத்தடியெல்லாம் குஞ்சுகள். இறகு முளைத்தும் முளைக்காததுமாக, சத்தத்தில் மிரண்டு கூட்டை விட்டுக் குதித்தவை. பாதி செத்துவிட்டன. மீதி, உடைந்த காலோடு சேற்றில் துழாவிக்கொண்டிருந்தன. ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் ஏற்கெனவே வாளியோடு வந்து, துடிக்கிற குஞ்சாகப் பார்த்துப் பொறுக்கினார்கள்.

"கீழ போடுங்கத்தா!" என்று கத்தினான்.

"செத்தது செத்துப்போச்சு. குழம்புக்காவது ஆகட்டும்" என்றாள் ஒருத்தி, குனிந்த தலை நிமிராமல்.

மேற்கு மரத்தடியில் பெரிய நாரை ஒன்று கிடந்தது. தலை பாதி இல்லை. கால்களைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. கோணக்கால். மூன்று வருஷமாகத் தவறாமல் வருகிற நாரை. இருநூறு ஜோடிக்கு நடுவே இது ஒன்று மட்டும் இடது காலை நூலளவு இழுத்து நடப்பதை அவன் முதல் நாளே கண்டுபிடித்திருந்தான். அதன் கூட்டிலிருந்து விழுந்த மூன்று குஞ்சுகளில் ஒன்று இன்னும் வாயைத் திறந்து திறந்து மூடியது. செல்லச்சாமி அதைக் கையில் எடுத்தான். கழுத்தைத் திருகினான். வேறு வழி தெரியவில்லை.

அப்போதுதான் அந்த வெடியைப் பார்த்தான். வேர் இடுக்கில் வெடிக்காமல் கிடந்தது. சணல் சுற்றிய அணுகுண்டு. திரியோடு ஒரு ஊதுபத்தி கட்டியிருந்தது, பாதியில் அணைந்திருந்தது. ஊதுபத்தியைக் கொளுத்திவிட்டால் அது மெல்ல எரிந்து திரியைத் தொட அரைமணி நேரம் ஆகும். அதற்குள் வைத்தவர்கள் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

குண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

அணுகுண்டுக்குச் சணல் சுற்றுவது பெண்கள் வேலை. வலது கையால் சுற்றினால் சணல் ஒரு பக்கமாகச் சாயும். இடது கையால் சுற்றினால் மறுபக்கம் சாயும். செல்லச்சாமி இப்போது சிவகாசி அச்சாபீசில் லேபிள் வெட்டுகிற வேலையில் இருந்தாலும், வளர்ந்தது சணல் கூடைக்குப் பக்கத்தில்தான். கையிலிருந்த குண்டு மறுபக்கம் சாய்ந்திருந்தது. நொட்டாங்கைச் சுற்று.

ஊரில் நொட்டாங்கைக்காரி ஒருத்திதான். அடுத்த வீட்டு ராமுத்தாயின் மகள், பொன்மணி.

* * *

ரேஞ்சர் சொன்ன நேரத்துக்கு ஜீப்பில் வந்து இறங்கினார். கூட ஒரு பெண் வனக்காப்பாளர். கரையில் ஊரே நின்றது. ஊர்ப் பெண்கள் சணல் சுற்றப் போகிற கம்பெனியின் போர்மேன் காசிராஜனும் வெள்ளைச் சட்டையோடு வந்திருந்தான். கரையில் வரப்போவதும் அதே முதலாளியின் கம்பெனிதான்.

மரங்களை அண்ணாந்து பார்த்த ரேஞ்சர் உதட்டைப் பிதுக்கினார். "கூடு இருக்கு, பறவை இல்லையே. நான் கண்ணுல கண்டதத்தான் எழுத முடியும்."

"வெடி வச்சு வெரட்டிட்டாங்க சார். செத்துக் கெடக்குறத எண்ணுங்க" என்றான் செல்லச்சாமி.

கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "ஏலே செல்லச்சாமி, நீ வெட்டுற லேபிளு எந்த வெடிக்குலே ஒட்டுது?"

சிரிப்பு எழுந்தது. அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"யாரு வச்சதுன்னு தெரியுமா?" என்று கேட்டார் ரேஞ்சர்.

பொன்மணிக்கு மாசியில் கல்யாணம். முந்தின வாரம்தான் பரிசம் போட்டார்கள். செல்லச்சாமியே பந்தலுக்குக் கம்பு ஊன்றினான். ஒரு நொடி தயங்கினான். கோணக்காலின் பாதித் தலை கண்ணில் வந்து நின்றது.

"தெரியும் சார்."

பொன்மணியைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினான். ஒரு தீப்பெட்டியையும் சணலையும் கையில் கொடுத்தான். "சுத்து."

"எதுக்குண்ணே?"

"சுத்துன்னு சொன்னேன்."

விளையாட்டு என்று நினைத்தாளோ என்னவோ, சிரித்துக்கொண்டே சுற்றினாள். கண் மூடித் திறப்பதற்குள் தீப்பெட்டி சணலுக்குள் மறைந்தது. செல்லச்சாமி அதை வாங்கி, வெடிக்காத குண்டோடு சேர்த்து உயர்த்திப் பிடித்தான். இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன.

பொன்மணியின் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

"அண்ணே, என்னையவா புடிச்சுக் குடுக்கீக? சுத்துனவதான் வெடிச்சான்னா, டெல்லியில வெடிக்கிற அம்புட்டையும் நாங்களா ரயிலேறிப் போயி வெடிக்கோம்?"

"இது கடைக்குப் போன மாலு இல்ல. மேல தாளு ஒட்டல, பேரு இல்ல. சுத்துன கூடையிலருந்து நேரா இங்க வந்துருக்கு."

"வெடிச்சப்ப நான் வீட்டுலதான் படுத்துக் கெடந்தேன். எங்கம்மாவக் கேளுங்க."

"ஊதுபத்தி எதுக்கு இருக்கு?"

ரேஞ்சர் காசிராஜனைப் பார்த்தார். "என்னய்யா, உங்க கம்பெனியில இப்படிச் சுத்துறது வேற யாரும் உண்டா?"

காசிராஜனின் கண் ஒரு நொடி கூட்டத்துக்குள் போய்விட்டுத் திரும்பியது. "எனக்குத் தெரிஞ்சு இவ ஒருத்திதான் சார்."

பொன்மணி குண்டை வெடுக்கென்று பிடுங்கினாள். கட்டை விரலால் சணலை அழுத்திப் பார்த்தாள்.

"இது எஞ்சுத்தே இல்ல. தொளதொளன்னு கெடக்கு, பாருங்க. ரெண்டு எடத்துல சணலு ஏறி உக்காந்துருக்கு. இது பொறந்ததுலருந்து சுத்துற கையில்ல. பழகிக்கிட்டிருக்குற கை."

"போதும்" என்றான் செல்லச்சாமி. "உசுரக் கொன்னுட்டு வியாக்கியானம் பேசாத."

"உசுரா? போன வருசம் வெடிமருந்து ரூம்புல எங்க அப்பன் கருகிச் செத்தப்ப நீங்க எங்க இருந்தீகண்ணே? கொக்கு எண்ணுறவுக கூட்டத்துல, மதுரையில இருந்தீக."

செல்லச்சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பொன்மணி கூட்டத்தைப் பார்த்தாள். "மதினி! நீங்களாவது சொல்லுங்க. எம் பக்கத்துல உக்காந்து சுத்துனவுகதான, எஞ்சுத்து ஒங்களுக்குத் தெரியாதா?"

இருளம்மாள் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். வலது கை முந்தானைக்குள் இருந்தது. அதை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டாள். பொன்மணி அந்த முந்தானையையே பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகத்தில் இருந்த கோபம் வடிந்து, வேறு என்னவோ வந்து உட்கார்ந்தது.

"சரி மதினி" என்றாள்.

அதன்பிறகு யார் கேட்டதற்கும் அவள் பேசவில்லை. பெண் வனக்காப்பாளர் தோளைப் பிடித்து ஜீப்பில் ஏற்றினார். "விசாரிச்சிட்டு அனுப்பிருவோம்" என்றார் ரேஞ்சர். ராமுத்தாய் ஜீப்பின் பின்னால் ஓடினாள். விழுந்தாள். எழுந்தவள், செல்லச்சாமி நின்ற திசைக்கு மண்ணை வாரித் தூற்றினாள். "நீ நல்லாருப்பியாடா? மாப்ள வீட்டுக்காரன் இனி எம் வாசப்படிய மிதிப்பானாடா?"

மண் அவன் காலருகே வந்து விழுந்தது. நாரைகள் கிழக்கே, சின்னப் புள்ளிகளாகப் போய்க்கொண்டிருந்தன.

* * *

வீட்டுக்கு வந்தவன் கை காலைக் கழுவிவிட்டு உட்கார்ந்தான். இருளம்மாள் தட்டை வைத்தாள். அவனுக்குப் பசித்தது. அதுவே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் இதே இடத்தில்தான் கூட்டுக் கணக்கை நோட்டில் ஏற்றிக்கொண்டிருந்தான். இருளம்மாள் அருகே வந்து உட்கார்ந்து, "காசிராஜன் அண்ணன் ஒரு சேதி சொன்னாக. கரையில கம்பெனி வந்தா, சுத்த முடியாதவுகளுக்கு லேபிள் ஒட்டுற வேலை தருவாகளாம். எனக்கும் இந்தக் கையி..." என்று ஆரம்பித்தாள்.

"செத்த நேரம் பேசாம இரு. மேக்கு மரத்துக் கணக்கு விட்டுப்போச்சு பாரு" என்றான். அவள் எழுந்து போய்விட்டாள். அது அவனுக்கு இப்போது நினைவில்லை.

"அந்தப் புள்ளைக்கு என்ன குறைச்சல்? எந்த அநியாயத்துக்கு இப்பிடிச் செஞ்சா?" என்றான் சோற்றைப் பிசைந்துகொண்டே.

இருளம்மாள் குழம்புச் சட்டிக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"காசிராஜன் கொடுத்திருப்பான் தைரியத்த. இவளும் வாங்கிட்டா. நான் பாத்த பார்வையில ஒரு தப்பும் இல்ல. நாரையில ஒரு கால் கோணுனாக் கண்டுபுடிக்கிறவன், இதக் கண்டுபுடிக்க மாட்டேனா?"

அவள் சோற்றை அள்ளி அவன் தட்டில் வைத்தாள்.

"ஊர ஒருதரம் சுத்திப் பாரு. நொட்டாங்கைக்காரி வேற யாரு இருக்கா, சொல்லு பாப்பம்?"

இருளம்மாள் வலது கையை முந்தானையிலிருந்து எடுத்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மூன்று விரல்கள் மடங்கி, காய்ந்த சுள்ளிபோல விறைத்துக் கிடந்தன. அகப்பை இன்னும் அவள் இடது கையில் இருந்தது.

"சணலு சுத்திச் சுத்தி இது மரத்துப்போயி ஆறு மாசமாச்சுங்க, அன்னையிலருந்து ஒங்களுக்கு நான் இந்தக் கையாலதான் சோறு போடுறேன்."