சான் தெல்மோவின் சண்டைப் பதிவேடு

சான் தெல்மோவில் நிலநடுக்கம் வந்தால் ஜனங்கள் தரையை விட்டு ஒரு சாண் உயரம் எழும்புவார்கள். நடுக்கம் நின்றதும் இறங்கி அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். ஊருக்குள் யாரோடாவது பேச்சை முறித்துக்கொண்டவர் மட்டும் எழும்ப மாட்டார். 1931இல் ஒரு பன்றிக்காக முகத்தைத் திருப்பிக்கொண்ட இரண்டு சம்பந்திகள் மட்டும் மண்ணில் நின்றார்கள். ஒரே சுவர் இருவர் மேலும் விழுந்தது. அந்த வாரமே ஊர் கூடிப் பேரிடர்க் குழுவை அமைத்தது. குழுவிடம் சைரன் கிடையாது, மீட்பு வண்டி கிடையாது. ஒரு சண்டைப் பதிவேடு இருந்தது, பிற்பாடு சந்தைக் கம்பத்தில் ஒரு ஒலிபெருக்கியும் வந்து சேர்ந்தது. தெருமுனையில் பன்றி வெட்டியிருக்கிறது, கறி இளஞ்சூடாக இருக்கிறது என்று காலையில் சொல்லும் அதே குரல், தையல்கார நிக்கனோரும் தண்ணீர்க்கார வில்பிரிதோவும் செவ்வாய்க்கிழமையிலிருந்து பேசவில்லை, நாலு மணிக்குக் குழு வீட்டுக்கு வரும், இரண்டு பேரும் குளித்துத் தயாராக இருக்கவும் என்றும் சொல்லும். எந்தச் சண்டைக்கும் எட்டு நாள்தான் கெடு. சுற்றுப்பட்டு ஊர்களில் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்த ஊர்களிலெல்லாம் கல்லறைகள் இருக்கின்றன, சான் தெல்மோவில் நிலநடுக்கத்துக்கென்று தோண்டிய குழி அந்த இரண்டோடு சரி.

குழுவுக்குப் பதினான்கு வருஷமாகத் தலைவி தோன்யா ஒப்துலியா, அதாவது ஒப்துலியா அம்மா. சந்தையில் உலர்ந்த இறாலும் சுட்ட சோள வட்டுகளும் விற்பவள். பார வண்டி போன்ற உடம்பு, அதைவிடக் கனமான வாய். முன்னூற்று நாற்பது சண்டைகளைத் தீர்த்திருக்கிறாள். மாமியாரையும் மருமகளையும் ஒரே தொட்டில் கயிற்றில் கட்டிப்போட்டுச் சமாதானம் ஆக்கியவள் என்று ஊரே பெருமையாகச் சொல்லும், அவளும் மறுத்ததில்லை. ஆனால் ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதையாக, எதிர்வீட்டில் இருக்கும் சொந்தத் தங்கை யூஃப்ரோசினாவோடு அவள் பத்தொன்பது வருஷமாகப் பேசவில்லை. மே மாதத் திருவிழாவில் நானூறு பேருக்கு ஒப்துலியா உடும்புக்கறியைச் சோளமாவில் பொதிந்து இலையில் மடித்துத் தமால் அவித்திருந்தாள். தங்கைக்காரி ஒன்றைப் பிரித்து வாயில் போட்டு, "இது உடும்பு இல்ல, கோழி" என்று சபையில் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான் விஷயம்.

அதற்குப் பிறகு நான்கு முறை பூமி ஆடியது. நான்கு முறையும் ஒப்துலியாவின் கால் மண்ணை விட்டு எழும்பவில்லை. முதல் முறை பதறிப்போனவள், அடுத்த முறைக்குள் கல்லாவுக்குப் பின்னால் ஒரு முக்காலியைப் போட்டு வைத்தாள். ஆட ஆரம்பித்ததும் அதில் ஏறி நின்றுவிடுவாள். கணுக்கால் வரை தொங்கும் பூவேலைப் பாவாடை முக்காலியை மறைத்துவிடும். தலைவியும் எழும்புகிறாள், தங்கையும் எழும்புகிறாள், அப்புறம் அது என்ன பெரிய சண்டை என்று ஊரும் விட்டுவிட்டது. எதிர்வீட்டிலும் ஒரு முக்காலி இருந்தது ஒப்துலியாவுக்குத் தெரியாது. நான்கும் சின்ன நடுக்கங்கள். பெரியது ஒன்று வந்தால் முக்காலி காப்பாற்றாது, தான் சாவது நிச்சயம் என்று அவளுக்குத் தெரியும். போய்ப் பேசுவதைவிடச் சாவது சுலபமாகப் பட்டது.

ஊரின் தாங்குதிறனை மதிப்பிடத் தலைநகரிலிருந்து எஃப்ராயின் ஓல்மேதோ என்ற இன்ஜினியர் எண்பத்து நான்கு கேள்விகளோடும் ஒரு அளவு நாடாவோடும் வந்தார். எதைப் பார்த்தாலும் நாடாவை இழுத்து அளந்ததால் முதல் நாள் மதியத்துக்குள் அவருக்கு நாடா என்றே பெயர் விழுந்துவிட்டது. "ஏ நாடா, சந்தையில எல்லாத்தையும் அளந்துட்ட, என் இடுப்ப மட்டும் விட்டுட்டியே, பயமா?" என்று மீன்காரிகள் கேட்டார்கள். ஆபத்து வரைபடம் இருக்கிறதா என்று அவர் கேட்டபோது ஒப்துலியா நிமிர்ந்த நெஞ்சோடு அதை எடுத்துவந்து விரித்தாள். தெருத்தெருவாக ஒவ்வொரு வீடும் குறித்திருந்தது, ஆறு வீடுகளுக்குச் சிவப்பு.

"இதெல்லாம் மண்ணு இளகுற இடமா?"

"மண்ணுக்கு என்ன கேடு? இதுங்க மூஞ்சியத் தூக்கி வச்சிருக்குற வீடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வெளுத்துருவேன்."

அறுபத்தொன்றாம் கேள்வி, ஆபத்து நேரத்தில் முதலில் யாரை அழைப்பீர்கள் என்பது. மூன்று தெரு தள்ளியிருந்த பெரியம்மா மகன் பெயரைச் சொன்னாள். இன்ஜினியர் பேனாவை நிறுத்தி, "எதிர்வீட்ல யாரும் இல்லையா?" என்றார். "எதிர்ல ஒரு சுவர் இருக்கு, அவ்ளோதான். எழுதுய்யா" என்றாள். எழுதினார். சைரனுக்குப் பூஜ்யம், வண்டிக்குப் பூஜ்யம், முகாமுக்குப் பூஜ்யம். கூட்டிப் பார்த்தால் நூற்றுக்கு இருபத்திரண்டு. ஒப்துலியாவுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. தன் ஊரைப் பற்றி ஒருவன் இருபத்திரண்டு என்று எழுதிக்கொண்டு போவதா?

புதன்கிழமை இரவே ஆறு சிவப்பு வீடுகளையும் அவள் வெளுத்து முடித்துவிட்டாள். மூன்றாம் நாள், வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பெரிய நடுக்கம் வந்தது. எழுபது விநாடி ஆடியது. சந்தையில் மீன்காரிகள் கூடையோடு எழும்பினார்கள்; பள்ளிக்கூடத்தில் வகுப்புகள் வரிசை கலையாமல் எழும்பி வாசல் வழியே நடந்து வெளியே வந்தன. இன்ஜினியர் எழும்பியது நான்கு விரற்கடை. வெளியூர்க்காரர்கள் அதுவரை எழும்பியதே இல்லை. பட்டப்பெயர் வாங்கியவன் ஊர்க்கணக்கில் பாதி சேர்ந்துவிட்டான் என்று பிற்பாடு சொன்னார்கள். ஒப்துலியா அன்று பதிவேடு எடுக்க வீட்டுக்கு வந்திருந்தாள். வாசலில் கிடந்த நாற்காலியில் ஏறப் போனாள், அது கவிழ்ந்து தெருவுக்கு ஓடியது. கீழே விழுந்தவளால் எழ முடியவில்லை. தலைக்கு மேல் அவள் வீட்டுச் சுவர் அங்குலம் அங்குலமாகச் சாய்ந்தது. அக்கம்பக்கத்தார் ஏழெட்டுப் பேர் காற்றில் நடந்து வந்து அவளைப் பிடித்து இழுத்தார்கள். அம்மிக்கல்லைக்கூட அசைத்திருக்கலாம், அவளை அசைக்க முடியவில்லை. தலைவியின் கால் மண்ணில் கிடப்பதை அன்றுதான் ஊர் பார்த்தது.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. யூஃப்ரோசினா நான்கு காலில் தவழ்ந்து வந்தாள். ஊரே மேலே மிதக்க, ஐம்பத்தைந்து வயதுக்காரி ஆடுகிற தெருவில் முழங்கால் தேய, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே வந்தாள்.

"பிடிவாதக் கழுத! பத்தொம்பது வருஷமா முக்காலி மேல நின்னு யாரடி ஏமாத்துற? நானும் அதத்தானேடி பண்றேன், எனக்குத் தெரியாதா! அது உடும்புதான்க்கா! உடும்புதான்! நான் சொன்னது தப்பு, எந்திரி!"

பத்தொன்பது வருஷமாக ஒப்துலியா கேட்கக் காத்திருந்த வார்த்தை அது, கேட்டதும் தாங்க முடியவில்லை.

"கோழிதான்டி!" என்று அலறினாள். "உடும்பு கெடைக்கலடி அன்னிக்கு! நீ சொன்னது சரிதான்டி! கோழி!"

"உடும்புன்னு சொல்றேன்ல!"

"அவிச்சவ நானு! கோழிடி!"

இரண்டு பேரும் எழும்பினார்கள். சுவர் விழுந்தபோது அக்காவும் தங்கையும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு தெரு நடுவில், தரைக்கு ஒரு சாண் மேலே, உடும்பா கோழியா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். கதை எழுதுகிற எனக்கும் இந்த இடத்தில் கண் கலங்கத்தான் செய்கிறது.

அன்று இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள் விழுந்தன. ஆள் ஒருவர்கூடச் சாகவில்லை. மதியம் ஒரு மணிக்குள் தெருவில் அடுப்பு மூட்டியாயிற்று. அக்காவும் தங்கையும் ஒரே சட்டியில் கரண்டி போட்டார்கள். இன்ஜினியர் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாகத் தொண்ணூற்றேழு என்று எழுதினார், குறைந்த மூன்றும் மருந்துக்கடைக் கூரை சரியில்லை என்பதற்காக. மேலதிகாரிகள் நம்பாமல் இரண்டு பேரை அனுப்பினார்கள். அவர்கள் ஒரு சின்ன நடுக்கம் வரும்வரை ஐந்து மாதம் தங்கி அளந்து, எழும்பும் உயரம் ஒரு சாண், இரண்டு விரற்கடை என்று கையெழுத்துப் போட்டார்கள். ஒப்துலியா தன் பெயரையும் தங்கை பெயரையும் பதிவேட்டில் தானே எழுதி, தானே அடித்தாள். உள்ளூரில் அவளுக்கு மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

இரண்டு வருஷம் கழித்துத் தலைநகரில் பூமி ஆடியது. இன்ஜினியரின் அலுவலகம் ஆறாம் மாடியில். எல்லோரும் மேஜைக்கு அடியில் புகுந்தபோது அங்கிருந்து அவர்களுக்குத் தெரிந்தது ஓல்மேதோவின் பூட்ஸ் மட்டும், தரைக்கு மேலே. நடுக்கம் நின்றதும் அவர் ஒப்துலியாவுக்குப் போன் செய்தார்.

"எவ்ளோ எந்திரிச்ச?" என்று கேட்டாள் அவள்.

"முழுசா ஒரு சாண், தோன்யா. நாடா வச்சே அளந்தேன்."

அவள் போனை வைத்தாள். பிறகு வாசலுக்கு வந்து எதிர்வீட்டைப் பார்த்து, பெயின்ட் டப்பா எங்கேடி என்று கத்தினாள். ஊர் எல்லைப் பலகையில் மக்கள்தொகை 2,614 என்று இருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் அதை 2,615 ஆக்கினார்கள். அந்த வழியாகப் போனவர்கள் சரியாகத்தான் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனார்கள்.